படகை இழுத்துப் போட்ட இடம்

அன்று அந்தக் கரையில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி, கல்லை ஆராய வந்திருந்த ஒரு அம்மா. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு, அதன் பின்னால் ஒரு எஞ்சின். படகை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாதுதான். ஆனால் நடந்ததை நினைத்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று படுகிறது.

நான் காரைக்கால்மேட்டுக்காரன். ஒன்பதாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன். மனைவி வீடு டவுனில். சொல்தா குடும்பம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எந்தக் காலத்திலோ வீட்டு ஆள் ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் குடும்பத்தில் எல்லாருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. அவளைக் கட்டியதில் எனக்கும் வெளியே போய் வேலை பார்க்கக் காகிதம் கிடைத்தது. மச்சினன் முதலில் பிரான்சுக்குப் போனான். அங்கே இருந்த குளிர் போதாதென்று இன்னும் வடக்கே ஏறி, வடதுருவத்துக்குக் கொஞ்சம் கீழே கிடக்கும் ஒரு தீவில், மீனை வெட்டிப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தான். பிறகு எங்களையும் கூப்பிட்டுக்கொண்டான். அந்தத் தீவின் பெயரை நான் இன்றுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தால் தொண்டையில் முள் சிக்கியது மாதிரி இருக்கும்.

எங்கள் ஊரில் கல் கிடையாது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் ஊர். தோண்டினால் களி, அதற்குக் கீழே மணல், அதற்குக் கீழே திரும்பவும் களி. நாயை விரட்டக்கூட செங்கல் துண்டுதான் கைக்கு அகப்படும். வீடு கட்ட வேண்டுமானால் ஜல்லியும் கருங்கல்லும் எங்கிருந்தோ லாரியில் வரவேண்டும். அப்படி வந்த கல்லில் அஸ்திவாரம் மட்டும் போட்டுவிட்டு, மேலே எழுப்பப் பணமில்லாமல் என் வீடு இரண்டு மழைக்காலம் தண்ணீரில் நின்றது. அதை முடிக்கத்தான் இரண்டு பேரும் கிளம்பினோம். போய் இறங்கிய இடத்தில் கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

சின்ன விமானம் மேகத்துக்குக் கீழே வந்ததும் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மலைகள் எல்லாம் உச்சி தட்டையாக, கோயில் குளத்துப் படிக்கட்டை வெளியே எடுத்துக் கடலில் நிறுத்தியது போல, படி மேல் படியாகக் கறுப்பாக நின்றன. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு வெள்ளை நூல். அது அருவி என்று பிறகு தெரிந்தது. மரம் ஒன்றுகூட இல்லை. "மரமே இல்லாத ஊர்ல காத்தடிச்சா எதைப் புடிச்சுக்குறது?" என்று மனைவியிடம் கேட்டேன். "என்னைப் புடிச்சுக்குங்க" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னாள், ஆனால் இறங்கியதும் அவளைத்தான் பிடித்துக்கொண்டேன். எங்கள் தென்னந்தோப்பில் காற்று வருமுன் சத்தம் வரும். அங்கே சத்தம் போட ஓர் இலை கிடையாது. காற்று நேராக ஆளின் மேல்தான் மோதும். காலையில் வெயில், பத்து மணிக்கு மூடுபனி, மத்தியானம் ஆலங்கட்டி, மூன்று மணிக்கு மறுபடி வெயில். ஐப்பசி, மார்கழி, சித்திரை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு மறுநாள் திரும்ப ஆரம்பிக்கும். எனக்குப் பயமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. வேலை முடிந்ததும் தினமும் தொழிற்சாலைக்குப் பின்னால் போய் ஏதாவது ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அறைக்குப் போவேன்.

நான் கவலைப்படுகிற ஆள். இதை மறைத்து எழுத முடியாது. கடவுச்சீட்டு நனைந்துவிடுமோ, மலை திடீரென்று நெருப்புக் கக்குமோ, வெள்ளைக் கரடி வருமோ என்று மாறி மாறி வரும். கரடி அந்தத் தீவில் கிடையாது என்று மச்சினன் நான்கு முறை சொன்னான். "நீந்தி வந்தா?" என்று நான்கு முறை கேட்டேன். "கவலைக்குக் கூலி கொடுத்தா நம்ம வீடு இந்நேரம் மாடியோட முடிஞ்சிருக்கும்" என்பாள் மனைவி.

கவலைப்படுகிறவன்தான், ஆனால் யாரிடமும் எதையும் கேட்க மாட்டேன். பாஷை தெரியாது, கூச்சம் வேறு. துறைமுகத்தில் படகுகளுக்கு இறங்க ஓர் இரும்புப் பாலம் உண்டு. சில நாள் காலையில் வேலைக்குப் போகும்போது அது செங்குத்தாகச் சரிந்து கிடக்கும். மத்தியானம் பார்த்தால் மட்டமாக இருக்கும்; வேறு நாளில் தலைகீழாக. யாரோ ஒருவர் வந்து தினமும் திருகி ஏற்றி இறக்குகிறார் போல, என்ன ஒழுங்கான ஊர் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

கல் அம்மா வந்தது கோடையில். ஐம்பது வயதிருக்கும், பிரெஞ்சுக்காரி, கழுத்தில் கேமரா, இடுப்பில் சுத்தியல். தீவின் பின்பக்கத்தில் ஒரு குடா இருக்கிறது, அங்கே மலையின் கீழ்ப்படிகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு மண் அடுக்கு ஓடுகிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே போகக் கடல் வழி உண்டு. இல்லையென்றால் தீவின் நடுவே நாள் பாதி நடக்க வேண்டும். அவரைக் கூட்டிப்போக வேண்டிய படகுக்காரருக்குக் கை முறிந்திருந்தது. தீவில் பிரெஞ்சு பேசத் தெரிந்தவர்கள் என் மனைவியும் மச்சினனும்தான். பேச்சு எங்கள் சமையலறைக்கு வந்தது.

"மச்சான் இருக்காரு, கடல்காரரு" என்று மச்சினன் எடுத்துவிட்டான்.

தொழிற்சாலை முதலாளி ஒரு வயதான மனிதர். தன் சொந்தப் படகைத் தர ஒப்புக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, மச்சினனை நடுவில் வைத்துக்கொண்டு, எத்தனை வருஷம் கடலில் இருந்தாய் என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன். அவர் சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். காலையில் எப்படி இருந்ததோ அப்படியே சாயங்காலம் வந்து கட்டினால் போதும், வாடகை வேண்டாம். ஏதாவது ஆனால் விலை என் பெயரில் என்றார். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு, படகு போனால் எத்தனை மாதச் சம்பளம், அதில் எத்தனை சுவர் என்று எண்ணினேன். மனைவி போர்வையை இழுத்துக்கொண்டு, "கடலுக்குப் போறது புதுசா உங்களுக்கு?" என்றாள்.

புறப்பட்ட காலை கடல் எண்ணெய் ஊற்றியது போல இருந்தது. எஞ்சின் சாவியின் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. ஐந்து மாதம் கையுறை போட்டு மீன் துண்டு அடுக்கிய கைக்கு எஞ்சின் பிடி கிடைத்ததும் எனக்குள் என்னவோ நிமிர்ந்தது. தீவின் முனையைச் சுற்றிப் படகைத் திருப்பினேன்.

கடலிலிருந்து நேராக எழும்பும் ஒரு சுவர். சுவர் முழுக்கத் தூண்கள். ஆறு பட்டை வைத்துச் செதுக்கிய கறுப்புத் தூண்கள், ஆயிரக்கணக்கில், ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல், கோயில் பிராகாரத்தில் நிற்பதைவிட ஒழுங்காக. எந்த ராஜா கட்டினான் என்று கேட்டேன். நான் கேலிக்குக் கேட்கவில்லை.

கல் அம்மா சிரித்துவிட்டுப் பேச, மனைவி எனக்குச் சொன்னாள்: "யாரும் கட்டலையாம். நெருப்புக் குழம்பு வழிஞ்சு வந்து, மெள்ள மெள்ள ஆறுச்சாம். ஆறும்போது சுருங்குமில்ல, அப்ப வெடிச்ச வெடிப்புங்குறாங்க. வத்துன ஏரியில களிமண்ணு வெடிக்குமே, அதே மாதிரிதான். மேலேருந்து உள்ளாற வரைக்கும் வெடிச்சா தூணாயிடுமாம்."

களிமண் வெடிப்பு. அதை எனக்குத் தெரியும். பங்குனி வெயிலில் வாய்க்கால் காய்ந்தால் ஐந்து மூலையும் ஆறு மூலையுமாகத் தரை பிளந்து கிடக்குமே, கால் விரல் மாட்டிக்கொள்ளுமே, அது. கல்லே இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு அவ்வளவு பெரிய கல் ஒரே வார்த்தையில் விளங்கிவிட்டது. எஞ்சினைக் குறைத்துத் தூண்களுக்குப் பக்கத்தில் விட்டு, கையை நீட்டித் தடவினேன். "கையை உள்ளே வைங்க, கரடி கடிச்சிடும்" என்றான் மச்சினன்.

குடாவில் கறுப்பு மணலும் உருண்டைக் கூழாங்கல்லுமாக அகலமான கரை இருந்தது. இரண்டு பக்கமும் பாறை. பாறையில் என் தலைக்கு மேலே வரை ஈரமான கடற்பாசி தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே அலை பெரிதாக அடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதனால் ஊரில் இழுப்பதைவிடக் கூடுதலாகவே இழுக்க முடிவு செய்தேன். காரைக்கால்மேட்டில் அலை கடைசியாக நனைத்த கோட்டிலிருந்து பத்தடி மேலே படகு இருந்தால் போதும், நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். எங்கள் கடல் ஒரு நாளில் முழங்கால் அளவு ஏறும், முழங்கால் அளவு வற்றும். அதை யாரும் ஒரு பொருட்டாகப் பேசுவதுகூட இல்லை. நான் முப்பதடி இழுக்க வைத்தேன். மச்சினன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மலை உச்சி வரைக்கும் இழுத்துடலாமா மச்சான்?" என்றான். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்; இரண்டு பாகக் கயிற்றில் நங்கூரத்தைக் கட்டிக் கூழாங்கல்லில் ஊன்றினேன். இரண்டு முறை திரும்பி வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கல் அம்மாவின் பெரிய பையும், அதிலிருந்த வயர்லெஸ் கருவியும், எங்கள் சாப்பாட்டு டப்பாவும் படகிலேயே இருக்கட்டும், சுமக்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். பாதுகாப்பான இடம் அதுதானே.

இரண்டு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்று பேச்சு.

மேலே ஏறினோம். ஒவ்வொரு படியும் ஒரு தடவை வழிந்த நெருப்புக் குழம்பு என்றார் அந்த அம்மா. ஒரு குழம்பு வழிந்து ஆறி, ஆயிரமாயிரம் வருஷம் சும்மா கிடந்து, அதன் மேல் மண் சேர்ந்து, செடி முளைத்து, திரும்பவும் நெருப்பு வந்து மூடி, திரும்ப மண். அடுக்கி வைத்த கதை. கடைசி நெருப்பு அணைந்து கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று கேட்டதும் எனக்கு ஒரு கவலை குறைந்தது. பாறையில் அங்கங்கே ஓட்டைகள், ஓட்டைக்குள் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகங்கள், உப்பளத்து ஓரத்தில் பூத்திருக்கும் உப்பு மாதிரி. தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு இல்லை.

பிறகு சிவப்பு வந்தது. கறுப்புக்கு நடுவே முழ அகலத்தில், செங்கல் சூளை நிறத்தில் ஓர் அடுக்கு. நான் முழங்கால் போட்டுவிட்டேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக மண்ணைப் பார்க்கிறேன். நெருப்புக் குழம்பு மேலே படிந்ததில் வெந்துபோன பழைய மண். அதன் அடியில் கரிக்கோடு போட்டது போல மெல்லிய பழுப்புத் தகடுகள். அந்த அம்மா சுத்தியலின் பட்டையான பக்கத்தால் தகடு தகடாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. நான் கடிகாரத்தையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். கீழே மூடுபனி குடாவை நிரப்பியிருந்தது, படகு தெரியவில்லை.

"கிளம்பலாமான்னு கேளு" என்றேன்.

"அவங்க மூஞ்சியப் பாருங்க. எப்படிக் கேக்குறது?" என்றாள் மனைவி.

அந்த அம்மாவின் முகம், வலை காலியாக வந்தால் எங்கள் ஆட்களுக்கு இருக்குமே, அப்படி இருந்தது. எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. நானும் ஒரு தகட்டை எடுத்து, வலைக்கத்தியைச் செருகி, மீனின் செவுளைத் திறப்பது போல மெதுவாகத் திறந்தேன்.

உள்ளே ஓர் இலை.

என் உள்ளங்கை அகலம். நடு நரம்பு, அதிலிருந்து பக்க நரம்புகள், நுனியில் ஒரு சின்ன வளைவு. ஓரத்தில் ஏதோ புழு கடித்த ஓட்டைகூட இருந்தது. கொல்லையில் காலையில் விழுந்த புங்க இலை என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். மரமே இல்லாத தீவில், கல்லுக்குள்.

தகட்டை நீட்டினேன். அந்த அம்மா பார்த்தார், உட்கார்ந்தார், கையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு கடகடவென்று பேசினார். மனைவி அவரை நிறுத்த முடியாமல் துண்டு துண்டாகச் சொன்னாள்: "இங்க காடு இருந்துச்சாம்... நம்ம ஊர் மாதிரி சூடு இல்லன்னாலும் நல்ல கதகதப்பாம்... பனியே இல்லையாம்... இந்த இலை விழுந்த அன்னிக்கு மனுசங்கிற சாதியே கிடையாதாம்... உங்க கட்டைவிரலைப் பக்கத்துல வைக்கச் சொல்றாங்க."

"எதுக்கு?"

"அளவுக்குங்குறாங்க. வைங்களேன்."

என் கட்டைவிரலில் தூண்டில் கிழித்த பழைய தழும்பு ஒன்று உண்டு. அதை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் படம் எடுத்தார். அதன் பிறகு நான்கு பேரும் பைத்தியம் பிடித்தது போலத் தகடு பிரித்தோம். மச்சினனுக்கு ஒரு விதை கிடைத்தது. மனைவிக்கு அரை இலை. அவள் அதைக் காற்றுக்கு மறைத்து, மார்போடு வைத்துக்கொண்டு, "இதுக்கு நான்தான் பேர் வைப்பேன்" என்றாள். கடிகாரத்தை நான் பார்க்கவே இல்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு கவலையும் இல்லாமல் இருந்த நேரம் அந்த இரண்டு மணி நேரம்தான்.

காற்று திரும்பி மூடுபனி கிழிந்தபோது மணி நாலுக்குப் பக்கம். கீழே பார்த்தேன். கரையைக் காணோம்.

அகலமான அந்தக் கறுப்புக் கரை இருந்த இடத்தில் கடல் இருந்தது. பாறையில் தலைக்கு மேலே தொங்கிய கடற்பாசி முழுவதும் தண்ணீருக்குள். குடாவின் நடுவே எங்கள் படகு, நங்கூரத்தைக் காதில் மாட்டிய தோடு மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு, அமைதியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

இரண்டு ஆள் உயரத்துக்குக் கடல் ஏறியிருக்கிறது. புயல் இல்லை, அலை இல்லை, சும்மா ஏறியிருக்கிறது. துறைமுகத்துப் பாலம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதை யாரும் திருகவில்லை, அடியில் இருந்த மிதவையோடு கடல்தான் ஏற்றி இறக்கியிருக்கிறது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தண்ணீர் விளிம்புக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றினேன். படகு நூறு அடிதான். எங்கள் கடலில் நூறு அடி ஒரு மூச்சு.

மனைவி பின்னால் வந்து என் பனியனைக் கொத்தாகப் பிடித்தாள். "இறங்குவீங்களா? இறங்குங்க பாப்போம். அந்தத் தண்ணியில கை கால் விறைக்க அஞ்சு நிமிசங்கூட ஆகாதுங்குறாங்க அவங்க. நான் தனியாப் போயி உங்க அம்மாகிட்ட இலையைக் காட்டுறேன்."

"வீடு போகுதுடி."

"போகட்டும். அஸ்திவாரம் இருக்குல்ல."

என்னுடைய ஒரு கால் தண்ணீரில் இருந்தது. வலி முழங்கால் வரை ஏறியது, குளிர் என்றுகூடத் தோன்றவில்லை, யாரோ கத்தியால் சீவுவது போல. காலை வெளியே எடுத்தேன். நாங்கள் நால்வரும் நின்று பார்த்தோம். படகு குடாவின் வாய்க்குப் போய், அங்கே ஓட்டத்தில் மாட்டி, ஒருமுறை சுற்றி, தூண் சுவரில் பக்கவாட்டில் மோதியது. இரண்டாவது மோதலில் எஞ்சின் கழன்றது. மூன்றாவதில் படகு இரண்டு.

பிறகு மச்சினன் சொன்னான்: "எலுமிச்சம்பழச் சோறும் கருவாடும் அதுல இருந்துச்சு."

மனைவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல் அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னாள், அவரும் சிரித்தார். எனக்கு மட்டும் வரவில்லை.

கடல் வழி போனதால் தீவின் நடுவே நடக்கும் வழிதான் மிச்சம். அங்கே கோடையில் ஒன்பது மணிக்கும் மத்தியான வெளிச்சம்; இருட்டுப் பயம் இல்லை. இலைக்கல்லை என் ஜாக்கெட்டுக்குள் வைத்து ஜிப்பை மூடிக்கொண்டேன். அது உடைந்தால் அன்றைய நாளில் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று தோன்றியது.

மேல்படி ஏறி உச்சிக்கு வந்ததும், எழுதவே கை பரபரக்கிறது, தீவின் நடு எங்கள் முன்னால் கிடந்தது. ஐந்து மாதம் அதன் ஓரத்தில் உட்கார்ந்து மீன் அடுக்கியிருக்கிறேன், உள்ளே இப்படி ஒன்று இருக்குமென்று தெரியாது. கண் முடியும் வரை தட்டைக் கல். கல் முழுக்க ஒரே திசையில் நீளநீளமாகக் கீறல்கள். பழங்காலத்தில் மலை உயரப் பனிக்கட்டி ஒன்று நகர்ந்து, அடியில் கற்களைப் பிடித்துக்கொண்டு தேய்த்துப் போனதாம், இட்லித் தட்டைத் தேங்காய் நாரால் தேய்ப்பது போல. கீறல்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஏரிகள், ஒவ்வொன்றும் வேறு நிறம். வடக்கு நிழலில் கோடையிலும் கரையாத அழுக்குப் பனி. கால் வைத்தால் கணுக்கால் வரை அமுங்கும் பாசி மெத்தை. அதன் மேல் நடக்காதீர்கள், ஒரு விரல் கனம் வளர மனித ஆயுள் ஆகும் என்றார் அந்த அம்மா. நாங்கள் கல்லிலிருந்து கல்லுக்குத் தாண்டிப் போனோம். வீட்டு உயரத்துக்கு ஒரு பாறை தனியாக, வேறு நிறத்தில் உட்கார்ந்திருந்தது. பனி எங்கிருந்தோ தூக்கிவந்து, உருகும்போது போட்டுவிட்டுப் போனது.

"எங்க ஊருக்குக் கல்லு கொண்டாற லாரி வேணும். இங்க பனியே லாரியா இருந்திருக்கு" என்றேன். அதுவரை பேசாமல் வந்தவன் பேசியதில் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

ஓர் ஏரிக்கரையில் ஆலாக்கள் எங்களைப் பிடித்துக்கொண்டன. எங்கள் கடலில் மீன் கூட்டத்துக்கு மேலே பறக்கும் அதே ஆலாக்களின் சொந்தம். கூடு தரையில் இருக்கிறது போல. கத்திக்கொண்டு உச்சந்தலையில் கொத்த வந்தன. மச்சினன் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடினான். "ஊர்க்காரன்னு சொல்லுங்க மச்சான், விட்டுரும்" என்று கத்தினான்.

பாதியில் மூடுபனி மறுபடி வந்தது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. வழி காட்ட அந்தக் காலத்து ஆட்கள் இருநூறு முந்நூறு அடிக்கு ஒன்றாகக் கல்லை அடுக்கி வைத்திருந்தார்கள். இப்போது அடுத்த அடுக்கு தெரியாது. கல் அம்மா நின்றுவிட்டார். எனக்கு அங்கேதான் புத்தி வேலை செய்தது. கடலில் கரை நோக்கி வரும்போது கலங்கரை விளக்கையும் பள்ளிவாசல் மினாராவையும் ஒரே கோட்டில் வைத்துத்தான் நாங்கள் திசை பிடிப்போம். பின்னால் விட்டுவந்த அடுக்கில் மச்சினனை நிறுத்தினேன், இந்த அடுக்கில் மனைவியை. இருவரும் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்றாக முதுகுக்குப் பின்னால் கேட்கிற மாதிரி நான் முன்னால் நடந்தேன். கை நீட்டி நடந்து அடுத்த அடுக்கில் முட்டினேன். பிறகு அவர்கள் ஒவ்வொருவராக முன்னேறினார்கள். இப்படி எட்டு அடுக்கு.

"என்ன கத்துறது மச்சான்?" என்றான் மச்சினன் முதலில்.

"ஏலத்துல கத்துவாங்களே, அதைக் கத்து."

அந்த மூடுபனிக்குள், மரமில்லாத தீவின் நடுவில், அவன் காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தைக் கத்தினான். கூடை வஞ்சிரம் ஆயிரம், ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு. மனைவி எதிர் ஏலம் கேட்டாள். கல் அம்மா ஒன்றும் புரியாமல், நடுநடுவே ஒரு பிரெஞ்சு எண்ணைச் சேர்த்துக் கத்தினார். வஞ்சிரம் எட்டாவது அடுக்குக்கு வரும்போது நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது.

மூடுபனி விலகியபோது ஒரு பள்ளத்தில் ஆவி எழும்பும் சின்ன ஊற்று இருந்தது. நெருப்பு அணைந்து கோடி வருஷமாகியும் ஆழத்தில் சூடு மிச்சம் இருக்கிறதாம். விறைத்த காலை அதில் விட்டேன். வெந்நீர். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எலுமிச்சம்பழச் சோற்றுக்கு, அவ்வளவு நேரம் கழித்து.

எட்டரை மணிக்குத் தொழிற்சாலைக் கூரை தெரிந்தது. முதலாளி துறைமுகத்துப் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். பாலம் மறுபடி சரிந்திருந்தது. சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் எனக்குச் செய்தது போலவே விரல்களை மூடினேன். அவர் எங்களை எண்ணினார். விரல் நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு மச்சினனிடம் என்னவோ கேட்டார்.

"உங்க ஊர் கடல் எவ்வளவு ஏறும்னு கேக்குறாரு."

முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் முழங்காலையும் பாலத்தையும் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய், எல்லாருக்கும் சூடாக மீன் சூப் கொண்டுவந்தார். மறுநாள் காலை விலை எழுதிய காகிதமும் கொண்டுவந்தார். சொன்ன சொல் மாறாத மனிதர்.

பாதியைத் தான் தருவதாகக் கல் அம்மா சொன்னார். படகை அங்கே இழுத்துப் போட்டது நான், எதற்கு அவர் தரவேண்டும் என்று மறுத்தேன். "வாங்கிக்குங்க" என்று மனைவி பல்லுக்கிடையில் சொன்னாள். வாங்கிக்கொண்டோம். மிச்சம் என் பெயரில், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம்.

இப்போது தொழிற்சாலைக்குக் குளிர்கால விடுமுறை, ஊரில் இருக்கிறேன். வீடு ஜன்னல் உயரத்துக்கு வந்து நிற்கிறது. கல் அம்மா அனுப்பிய கட்டுரை போனில் இருக்கிறது. ஒரு வார்த்தை புரியாது, ஆனால் மூன்றாவது பக்கத்தில் இலையும் அதன் பக்கத்தில் தழும்போடு என் கட்டைவிரலும் இருக்கின்றன. கொத்தனார், சித்தாள், டீக்கடைக்காரர் எல்லாருக்கும் காட்டிவிட்டேன். காலையில் கடற்கரைக்குப் போய் ஒரு குச்சியை நட்டு, கடல் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறேன். முழங்கால்தான். வலை பின்னுகிற ஆட்கள் என்னைப் பார்த்துவிட்டு, "வெளிநாடு போயிட்டு வந்ததுலேருந்து ஒரு மாதிரியா இருக்கான்" என்கிறார்கள்.

மாசி பிறந்ததும் திரும்பக் கிளம்ப வேண்டும். விமானம், விசா முத்திரை, காற்று என்று கவலை இப்போதே ஆரம்பித்துவிட்டது. பெட்டியில் முதலில் வைத்தது பத்துப் பாகம் நல்ல நைலான் கயிறு. முதலாளி புதுப் படகு வாங்கியிருக்கிறாராம்; என்னை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், கடன் தீர்ந்த பிறகு. தீர்வதற்கு இன்னும் தொண்ணூற்று நாலாயிரம் ரூபாய் பாக்கி.